கூட யாரு இருக்கா?

கொடைக்கானல்
20 ஜூலை 2025

மதுரை மாநகரின் சொல்லரசி ரம்யா அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. நீ குண்டாகிவிட்டாய் என்று அப்பா நம்மூர்ப் பூண்டியிலிருந்து வந்தபோதே சொல்லிவிட்டார். மதுரையில் பூண்டு விற்ற கையோடு உன் மானத்தையும் விற்றுவிட்டுப் போனார்.

கைபேசி இருக்கும் காலத்தில் ஏன் காகிதம் என்று கேட்பாய். நர்ஸிங் முதலாண்டுப் பிள்ளைகளின் கைபேசிகளை விடுதியில் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத் தொலைபேசியில் பேசலாம். ஆனால் வார்டன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்பார். நான் பேசினால் அவருக்குக் கண்ணி தவறுகிறதாம். யாருடைய தோள்பட்டையோ கோணலாகிவிடக் கூடாதே என்றுதான் தபால்.

இந்த மாதம் முருகேஸ்வரி மேடம் எங்களுக்குச் செவிலிய நோயறிதல் நடத்துகிறார். டாக்டர் நிமோனியா என்று எழுதுவார், அது நோய்க்குப் பெயர். அந்த நோயால் படுத்திருக்கும் ஆளுக்கு என்ன கஷ்டம், அதில் நம்மால் ஆவது என்ன என்று பார்த்து, ‘சளியை வெளியேற்ற இயலாமை’ என்று நர்ஸ் எழுதுவாள், அது கஷ்டத்துக்குப் பெயர். பிரச்சினை, காரணம், அறிகுறி மூன்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். படித்ததைப் பயன்படுத்தாவிட்டால் மறந்துபோகும் அல்லவா? மெஸ் கதவில் ஒட்டினேன்:

‘சிரிக்க இயலாமை. காரணம்: இடுப்பில் நெடுங்காலமாகத் தொங்கும் சாவிக்கொத்து. அறிகுறி: பிறர் சிரித்தால் முகம் சிவத்தல், உடனே விளக்கை அணைத்தல்.’

நோயாளியின் பெயரை நான் எழுதவில்லை. வார்டன் தாமாகவே வந்து அது தாம்தான் என்றார். இப்போது பாத்திரம் கழுவுகிறேன்.

நீ அப்பாவிடம் கொடுத்தனுப்பிய படிவங்கள் வந்தன. ஒரே கஷ்டத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதை ஒழுங்குபடுத்தித் தமிழில் ஒரே பட்டியல் போட உங்கள் நர்ஸுகள் குழு கிளம்பியிருப்பது தெரிந்து மகிழ்ச்சி. எங்கள் பெண்கள் வார்டில் அதிகம் எழுதுவது ‘ஒத்துழையாமை’. மாத்திரை வேண்டாம் என்றால் ஒத்துழையாமை, ஊசிக்குக் கையை இழுத்தால் ஒத்துழையாமை. வெள்ளைக்காரனை விரட்ட நடத்திய இயக்கத்தின் பெயரை எங்கள் வார்டில் ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு வைத்திருக்கிறோம்.

புதுச் சொல் ஒன்றும் தருகிறேன். ‘மலையிறங்கு அச்சம். காரணம்: கொண்டை ஊசி வளைவுகள். அறிகுறி: மதுரை என்றதும் குமட்டல், முந்தானையில் முடிந்த எலுமிச்சம்பழம், பேச்சை மாற்றுதல்.’ ஆதாரம்: ஏழாம் கட்டில் பாண்டியம்மாள். எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில், இருப்பவர், சிலோனிலிருந்து வந்த குடும்பம். சர்க்கரையால் கால் விரல் ஒன்று கறுத்துவிட்டது. ரத்தக்குழாய் அடைப்பை மதுரையில்தான் எடுக்க முடியும், தள்ளிப்போட்டால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ, “கீழ எறங்க என்னால ஏலாது புள்ள, வாந்தி வரும்” என்று எலுமிச்சம்பழத்தை உருட்டுகிறார்.

மதுரைக்கு வா வா என்கிறாய். எனக்குத் தேர்வு இருக்கிறது. எப்போது என்று கேட்காதே. எப்போதும் இருக்கிறது.

பாத்திரங்களின் தலைவி,
சௌம்யா


மதுரை
25 ஜூலை 2025

சௌம்யாவுக்கு,

வார்டனிடம் மன்னிப்புக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேட்டாலும் அதை மூன்று பாகமாகப் பிரித்துக் கேட்டிருப்பாய்.

எங்கள் குழுவைப் பற்றிக் கிண்டல் செய்யுமுன் ஒன்றைத் தெரிந்துகொள். ஒரு சொல் பட்டியலில் ஏறுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், ஒரே நோயாளியைப் பார்த்து, கலந்து பேசாமல் ஒரே கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கஷ்டம் உண்மை. பிறகு அதற்குப் பொதுவாக ஒரு பெயர் வைக்கலாம். வைத்த பெயரிலிருந்து வேலை பிறக்க வேண்டும். ‘சளியை வெளியேற்ற இயலாமை’ என்று எழுதினால் ஆவி பிடிக்க வைப்போம், முதுகைத் தட்டுவோம். ‘ஒத்துழையாமை’ என்று எழுதினால் என்ன செய்கிறோம்? “மீண்டும் அறிவுறுத்தப்பட்டது” என்று எழுதி, கையெழுத்து வாங்கி, வீட்டுக்கு அனுப்புகிறோம். அது நோயாளியின் கஷ்டமே இல்லை, நம்முடைய கோபம். வெளிநாட்டுப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இங்கே எடுக்கச் சொன்னால், அது போனால் நாங்கள் எதை எழுதுவது என்று குழுவில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவர் காளியாயி அக்கா. தலைவர் விசாலாட்சி அம்மா இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.

உன் ‘மலையிறங்கு அச்சம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. கேலி இல்லை. பாண்டியம்மாள் மாதிரி ஆட்களுக்கு ஒத்துழையாமை என்று முத்திரை குத்துவதை நிறுத்த இது ஒரு நல்ல உதாரணம். அடுத்த கூட்டத்தில் படிக்கப் போகிறேன். உன்னோடு படிப்பவர்களும் இதைக் கவனித்திருந்தால் தனித்தனியாகப் படிவம் எழுதி அனுப்பச் சொல். கலந்து பேசாமல்.

கடைசி வரிக்குப் பதில். நான் இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா மூட்டையோடு வருகிறார், அம்மா முழங்கால் வலியோடு வருகிறாள். நீ ஒரு தடவை வந்து என் அறையை எட்டிப் பார்த்ததில்லை. தேர்வாம்.

ரம்யா


கொடைக்கானல்
30 ஜூலை 2025

அக்காவுக்கு,

இரண்டு பேர் போதும் என்றாய், ஒன்பது பேர் தருகிறேன். உறையின் கனத்தைப் பார்த்துத் தபால்காரர் இதில் பூண்டா என்று கேட்டார். எல்லாம் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் படிவங்கள், அவரவர் கையெழுத்தோடு. மலையே உன் பின்னால் நிற்கிறது. காளியாயி அக்காவிடம் போய் வெல்.

அறையை எட்டிப் பார்ப்பது பற்றி: என் உயரத்துக்கு எட்டாது.

சௌம்யா


மதுரை
6 ஆகஸ்ட் 2025

சௌம்யா,

கூட்டம் முடிந்தது. உன் படிவத்தை நான் நிமிர்ந்து நின்று படித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு மற்ற எட்டையும் விசாலாட்சி அம்மா கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். குமட்டல், எலுமிச்சம்பழம், பேச்சை மாற்றுதல். குமட்டல், எலுமிச்சம்பழம், பேச்சை மாற்றுதல். நீ ‘வளைவுகள்’ என்பதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருந்தாய். முத்துலட்சுமி என்கிற பிள்ளை அந்த அடித்தலையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

ஆண்கள் வார்டில் ஆண்டிச்சாமி என்பவரைப் பற்றிய படிவத்திலும் ‘முந்தானையில் முடிந்த எலுமிச்சம்பழம்’ இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஏம்மா ரம்யா, ஒங்க மலையில ஆம்பளைங்க சேலையா கட்டுறாக?” என்று கேட்டார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. நான் அதுவரை நின்றுகொண்டே இருந்தேன்.

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த எல்லாப் படிவங்களையும் ஒதுக்கிவிட்டார்கள். உண்மையானவையும் அதில் போயின. ஒத்துழையாமையை எடுத்தால் இந்த மாதிரி எலுமிச்சம்பழம்தான் வரும் என்று காளியாயி அக்கா சொன்னார். வரும் புதன்கிழமை அந்தச் சொல் இருக்குமா போகுமா என்று முடிவு. அது இருக்கும்.

நீ அந்த நோயறிதலை விளையாட்டுக்குத்தான் எழுதினாயா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தை எழுது. மற்றபடி எனக்கு எழுதாதே.

ரம்யா


கொடைக்கானல்
8 ஆகஸ்ட் 2025

ஆம்.

ஒரு வார்த்தை எழுதியாயிற்று. இதற்குக் கீழே இருப்பது உனக்கு எழுதியதல்ல. பாண்டியம்மாளுக்காக எழுதியது. உறையில் இடம் இருந்தது, வைத்துவிட்டேன்.

எங்கள் விடுதியில் நோயறிதல் தாள் என்பது ஊறுகாய் ஜாடி மாதிரி. ஒருத்தி போட்டால் எல்லாரும் தொட்டுக்கொள்வார்கள். சீனியர் அக்காக்கள் விட்டுப்போன ஜாடிகளே இன்னும் இருக்கின்றன. தனித்தனியாக எழுதுங்கள் என்று நான் சொன்னேன், அவர்களும் தனித்தனி அறையில் உட்கார்ந்துதான் பார்த்து எழுதினார்கள். ஆண்டிச்சாமிக்கு முந்தானை கட்டியவளுக்கு நான் தண்டனை கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் என் பாத்திரம் அவள் பங்கு.

நிற்க. பாண்டியம்மாளுக்கு இரண்டாவது விரலும் கறுத்துவிட்டது. டாக்டர் மறுபடி சொன்னார், அவர் மறுபடி ஏலாது என்றார். கேஸ் தாளில் மறுபடி ‘ஒத்துழையாமை’ ஏறியது. திங்கட்கிழமை கையெழுத்து வாங்கி அனுப்புவதாக இருந்தார்கள். லயத்துக்குப் போனால் அந்தக் கால் அவ்வளவுதான்.

அவரைச் சரிக்கட்டலாம் என்று நேற்று வெள்ளனே போனேன். வாந்திக்கு மாத்திரை இருக்கிறது, முன் சீட்டு பிடிக்கலாம், பையை நானே பிடிக்கிறேன் என்றேன். எலுமிச்சம்பழத்தை உருட்டினார். இதற்குமுன் கீழே போனதே இல்லையா என்றேன். வருஷா வருஷம் பழனிக்குப் போவாராம். வத்தலக்குண்டுச் சந்தைக்கு மாசம் ஒரு தடவையாம். வாந்தி எடுத்ததாக அவருக்கே ஞாபகம் இல்லை. எலுமிச்சம்பழம் ரசத்துக்கு வாங்கியதாம்.

அந்த நேரத்தில் எட்டாம் கட்டிலுக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். சிஸ்டர் பிரஷர் கருவியை எடுப்பதற்கு முன்னாலேயே, எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்: “கூட யாரு இருக்கா?” அந்த அம்மாவுக்கு மகள், மருமகன், மச்சினி என்று பஸ் நிறைய ஆள். பாண்டியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப்பக்கம் போய் நின்றேன். கேட்டேன். இதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“அங்கயும் கேப்பாக புள்ள. கூட யாருன்னு. வீட்டுக்காரர் போயி வருசமாச்சு. மகன் திருப்பூர்ல எங்க கெடக்கானோ தெரியல. லயத்துல எல்லாரும் அன்னாடக் கூலி, ஒரு பொழுது விட்டா ஒல வைக்க ஏலாது, யாரக் கூப்புட? வாந்தி வரும்னா சிரிப்பாக. ஆளு இல்லன்னா பாவம்பாக. சிரிக்கட்டும்.”

அக்கா, நான்தான் சிரித்தேன். அதைப் படிவமாக எழுதி ஒன்பது பிரதி அனுப்பினேன்.

ஒன்று யோசித்துப் பார். மருந்து வாங்க ஆள் வேண்டும், ரிப்போர்ட் வாங்க ஆள் வேண்டும், தள்ளுவண்டி தள்ள, கஞ்சி கொண்டுவர, கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அதனால் எந்த வார்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். ஆனால் பதில் ‘யாரும் இல்லை’ என்றால் அதை எழுத ஒரு பெயர் இல்லை. வெளிநாட்டுப் பட்டியலில் தேடாதே. அங்கே கேட்காத கேள்விக்கு அங்கே எப்படிப் பெயர் இருக்கும்?

நான் பெயர் வைக்கப்போவதில்லை. என் வாயிலிருந்து எந்தப் பெயர் வந்தாலும் இனி எலுமிச்சை வாசனைதான் அடிக்கும். அதனால் பாண்டியம்மாளின் கதையை ஒரு பக்கத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். ஊர் இல்லை, பெயர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, எலுமிச்சை இல்லை. புதன்கிழமை உன் குழுவில் ஆளுக்கொரு பிரதி கொடு. பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்க விடாதே, எங்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும் அவர்களும் நர்ஸுகள்தான். இந்த ஆளுக்கு என்ன கஷ்டம் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். எல்லாரும் ஒத்துழையாமை என்று எழுதினால் நான் இனி உனக்கு எழுத மாட்டேன். அது உனக்கு லாபம்தான்.

முருகேஸ்வரி மேடமிடம் எல்லாவற்றையும் சொல்லி, அனுப்புவதைத் தள்ளிப்போடச் சொன்னேன். “ஏம்மா, ஒனக்கு வேற சோலியே இல்லையா?” என்றார். இதுதான் மேடம் சோலி என்றேன். கேஸ் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் நடந்தார். இன்னும் இரண்டு வாரம், அதற்குமேல் கால் காத்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சௌம்யா


மதுரை
14 ஆகஸ்ட் 2025

சௌம்யாவுக்கு,

எழுதாதே என்றால் எழுதக் கூடாது. ‘ஒத்துழையாமை’ உனக்குத்தான் பொருந்தும்.

தாளைக் கொடுத்தேன். விசாலாட்சி அம்மா எல்லாரையும் தேர்வு அறை மாதிரி தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். முடிந்ததும் அவரே வாங்கிப் படித்தார். ‘துணையின்மை’ என்று ஒன்று. ‘உடன் இருக்க ஆள் இல்லாமை’ என்று ஒன்று. ‘ஆளில்லாத கூச்சம்’ என்று ஒன்று. மற்றவையும் அதையே வேறு வேறு வாயால் சொல்லின. காளியாயி அக்கா இலக்கணமெல்லாம் பார்க்கவில்லை, பெரிய எழுத்தில் ‘கூட யாருமில்ல’ என்று எழுதியிருந்தார். ஒத்துழையாமை என்று ஒருவரும் எழுதவில்லை.

அப்புறம்தான் நான், இவருடைய கேஸ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். காளியாயி அக்கா தன் பட்டியலை எடுத்து அந்தச் சொல்லின் மேல் கோடு போட்டார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “வேற என்ன எடுக்கணும், சொல்லு” என்றார்.

சொல் போயிற்று. அந்த இடத்தில் ‘உடனாள் இன்மை’ சோதனைக்கு ஏறியிருக்கிறது. ஆறு ஆஸ்பத்திரி வார்டுகளில் எழுதிப் பார்க்கப் போகிறோம். அறிகுறிகளில் முதலாவது, காளியாயி அக்காவே சொன்னது: ‘கூட யார் என்று கேட்டதும் முகத்தைத் திருப்புதல் அல்லது வேறு காரணம் சொல்லுதல்.’ உன் எலுமிச்சம்பழம் வேறு காரணத்துக்குள் அடக்கம்.

பெயர் வைத்தால் வேலை பிறக்க வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தவள் நான். பிறந்துவிட்டது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பாண்டியம்மாளுக்குத் தேதி கேட்டு வாங்கிவிட்டேன், 20ஆம் தேதி புதன்கிழமை. என் வேலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட யாரு என்று கேட்டால் ரம்யா என்று சொல்லச் சொல்.

ஆனால் மலையிலிருந்து அவரை இறக்கிக் கொண்டுவர ஆள் வேண்டும். அது நீ. தேர்வு இருக்கிறது என்று எழுதினால், நானே வார்டனுக்கு எழுதித் தேர்வு அட்டவணை கேட்பேன்.

ரம்யா


கொடைக்கானல்
18 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

வருகிறேன். வேறு வழி வைத்தாயா?

பாண்டியம்மாளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ரம்யா யாரு என்றார். என் அக்கா, கொஞ்சம் குண்டு என்றேன். அவளுக்குச் சம்பளம் போகாதா என்றார். அது அவளுடைய ஒத்துழையாமை என்றேன். சாயந்திரம் பையைக் கட்டி வைத்துவிட்டு, வெரசா போகணும்னா நாளைக்கே போகலாமே என்று என்னையே விரட்டுகிறார்.

வார்டன் எனக்கு விடுப்புக் கொடுத்தார். அவர் பின்னிக்கொண்டிருந்தது ஸ்வெட்டர் இல்லையாம், காலுறையாம். பாண்டியம்மாளின் நல்ல காலுக்கு ஒன்று தந்திருக்கிறார், மற்றதைக் கட்டுப் பிரித்த பிறகு தருவாராம். தரும்போது சிரித்தாரா என்று கேட்காதே. நோயாளியின் ரகசியத்தை நான் காக்க வேண்டும்.

புதன்கிழமை முதல் பஸ். ஓட்டுநர் நிதானமானவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். பாண்டியம்மாளுக்காகத்தான்.

சௌம்யா


மதுரை
28 ஆகஸ்ட் 2025

சௌம்யாவுக்கு,

கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வருஷமாக வார்டில் வேலை பார்க்கிறேன், பாயிலிருந்து வார்டைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. நர்ஸுகள் ரொம்ப உயரமாகத் தெரிகிறார்கள்.

நீ அன்றே மலையேறிய பிறகு நடந்தது: அடைப்பை எடுத்துவிட்டார்கள். விரல் இரண்டும் போயின. பாதம் இருக்கிறது. ரத்தம் ஓடி இன்று காலை சூடாக இருந்தது, நானே தொட்டுப் பார்த்தேன். பாண்டியம்மாள் உன் வார்டனிடம் சொல்லச் சொன்னார்: அடுத்த காலுறை பின்னலாம், விரல் பக்கம் நூல் மிச்சம்.

இப்போது உன் விஷயம். பஸ்ஸில் நடந்ததை அவர் எனக்கு வளைவு வளைவாகச் சொல்லிவிட்டார். முதல் திருப்பத்தில் நீ பேச்சை நிறுத்தினாயாம். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்ததாம். அப்புறம் வத்தலக்குண்டு வரைக்கும் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லையாம். ரசத்துக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தை உன் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலோடு அவர் உனக்குத் துணையாக வந்தாராம்.

ஆகவே, ‘மலையிறங்கு அச்சம். காரணம்: கொண்டை ஊசி வளைவுகள். அறிகுறி: மதுரை என்றதும் பேச்சை மாற்றுதல், இரண்டு வருஷமாக ஓயாத தேர்வு, துப்பட்டாவில் எலுமிச்சம்பழம்.’ பாண்டியம்மாளும் நானும் போன வாரம் வரை ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அவர் பஸ்ஸிலும் நான் உன் கடிதங்களிலும் பார்த்து, கலந்து பேசாமல் ஒரே நோயாளிக்கு ஒரே கஷ்டத்தைச் சொன்னோம். விதிப்படி செல்லும். என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன் என்று பயந்தாயா? சிரித்திருப்பேன். அப்புறம் மாத்திரை வாங்கி அனுப்பியிருப்பேன்.

ஒன்றை மட்டும் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்று வார்டில் சேர்க்கும்போது அந்தக் கேள்வி வந்தது. பேனாவைத் திறந்துகொண்டே, தலை நிமிராமல், “கூட யாரு இருக்கா?” என்று கேட்டார் அந்த சிஸ்டர். நான் வாயைத் திறக்குமுன் பாண்டியம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வார்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ரெண்டு பேரு. ஒருத்தி இந்தா நிக்கிறா. இன்னொருத்தி வாந்தியெடுக்கப் போயிருக்கா, வந்துருவா.”

நேற்றுப் புதிதாக ஒரு சிஸ்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில்தான். போனவள் இன்னும் வரவில்லை என்று கவலை வேறு. சனிக்கிழமை வந்து சேர். மாத்திரை இத்துடன் வைத்திருக்கிறேன், ஏறுவதற்கு அரை மணி முன்னால் போடு.

என் அறை இரண்டாவது மாடி. எட்டும்.

ரம்யா